அங்கீகரிக்கப்பட்ட அத்தை

மலாய்த் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் கல்யாண மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. கார் நிறுத்த இடமுள்ள மண்டபத்துக்குத்தான் பஞ்சம். அப்படி ஒன்றை வைத்து நடத்துவது தமிழர் குடும்பப் பண்பாட்டுக் காப்பு மன்றம். அறுபது கார் நிற்க இடம் வைத்திருப்பதால், சமுதாயத்தின் ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பும் மன்றத்திடமே வந்து சேர்ந்தது. வேறு யாரிடம் போகும்? மற்ற சங்கங்களிடம் பதினைந்து இடம்கூட இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் மன்றம் ஒரு விதி கொண்டுவந்தது. மேடையேறும் மாப்பிள்ளையும் பெண்ணும் 'நல்வளர்ப்புச் சான்றிதழ்' வைத்திருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாதவர்களுக்கு மண்டபம் உண்டு, நாற்காலி உண்டு, சாப்பாடும் போட்டுக்கொள்ளலாம். மேடை மட்டும் கிடையாது. போன வருடம் ஒரு ஜோடி சாப்பாட்டுக் கூடத்தில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் தாலி கட்டிக்கொண்டு போனார்கள். நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று கேள்வி. மன்றம் அதை ஆதாரமாக ஏற்கவில்லை.

சிவநேசன் தீவுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவன். அதே தொழிற்சாலையில் தரச் சோதனையில் இருக்கும் சாந்தினிக்கும் அவனுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, மண்டபத்தின் பெயர் போட்டுப் பத்திரிகையும் அடித்தாயிற்று. சாந்தினி தன் சான்றிதழைப் பத்து நிமிடத்தில் வாங்கிவிட்டாள். பெண்களுக்கு ஒரே கேள்விதான்: காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய்?

"அஞ்சு மணின்னு சொன்னேன். ஸ்டாம்ப் அடிச்சுட்டாங்க," என்றாள் போனில்.

"நீ எட்டு மணிக்குத்தான எழுந்திருப்ப?"

"அவங்க என்ன வந்து எழுப்பவா போறாங்க? நீ போய் ஒழுங்கா பொய் சொல்லிட்டு வா."

சிவநேசனுக்குப் பொய் சொல்ல வராது. அது அவனுடைய வளர்ப்பில் இருந்த முதல் குறை.

நேர்முகத் தேர்வு மன்றத்தின் மாடியில் நடந்தது. நடுவில் தலைவர், அரசாங்கத்திடம் டத்தோ பட்டம் வாங்கிய கருணாகரன். பக்கத்தில் செயலாளர் இளஞ்செழியன், அவர் முன்னால் ஒரு தடித்த கோப்பு. மேசைமேல் ஒரு கரண்டி, ஒரு ஸ்பேனர், ஒரு நாளிதழ், அழுகிற பொம்மைக் குழந்தை ஒன்று. பொம்மை பேட்டரியில் அழுதது.

"இயல்பா இருங்க தம்பி," என்றார் டத்தோ. "ஒரு பொருள எடுங்க. எத எடுக்குறீங்களோ அதுதான் ஒங்க வளர்ப்பு."

சிவநேசன் பொம்மையை எடுத்தான். அழுகிறதே என்றுதான் எடுத்தான். தலையை முழங்கையில் தாங்கி, முதுகில் இரண்டு தட்டு தட்டியதும் அழுகை நின்றுவிட்டது. மூன்று வருடத்தில் அது நின்றது அன்றுதான் முதல்முறை. இதுவரை வந்த மாப்பிள்ளைகள் எல்லோரும் நாளிதழை எடுத்துப் பிரித்துக்கொண்டார்களாம்.

"எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்ட செயலாளரின் குரலில் அனுதாபம் இருந்தது.

"பக்கத்து வீட்டு புள்ளைங்கள எங்கப்பா பாத்துக்குவாரு. நானும் கூட..."

"அப்பா என்ன வேல?"

"வீட்ல ஜாக்கெட் தைக்கிறாரு. சமையலும் அவருதான்."

"அம்மா?"

"ஃபேக்டரி பஸ் ஓட்டுறாங்க."

இளஞ்செழியன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சற்று யோசித்து மீண்டும் எடுத்தார். "சரி, ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா?" கேட்டவிதம், மூழ்குகிறவனுக்குக் கயிறு வீசுவதுபோல் இருந்தது.

"தெரியும் சார். அம்மா சொல்லிக் குடுத்தாங்க."

கயிறு அறுந்தது.

டத்தோ தொண்டையைச் செருமினார். "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆம்பள தையல் தைக்கிறது நம்ம பண்பாட்டுல இல்ல. வீட்ல ஆம்பள எப்படி இருக்கணும்னா, எங்கப்பா மாதிரி இருக்கணும். எனக்கு இருபத்தொரு வயசு வரைக்கும் அவரு எங்கிட்ட பேசுனதே இல்ல. இருபத்தொண்ணுல ஒரு நாள் காருக்குப் பக்கத்துல நின்னு கூப்பிட்டாரு. 'கெரேத்தாவ தள்ளி நிறுத்து'ன்னாரு. அவ்ளோதான். இன்னிக்கு வரைக்கும் அந்தக் கொரல் காதுல இருக்கு. அதுதான் வளர்ப்பு. எனக்கு இப்ப உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியாது. பெருமையாச் சொல்றேன்."

"டத்தோ வீட்டம்மாவுக்கு ஜாக்கெட் தைக்கிறதுகூட எங்கப்பாதான்," என்றான் சிவநேசன். உதவியாக இருக்கும் என்று நினைத்தான்.

"சின்னையா டெய்லரா? ஆயர் ஈத்தாம் பிளாட்ல? அவரு கை வச்சா அளவு தப்பாதே!" டத்தோவின் முகம் மலர்ந்து, உடனே பொறுப்புக்குத் திரும்பியது. "அது வேற. எங்க ஜாக்கெட்ட தச்சா தொழில். ஒங்களுக்கு முன்னால தச்சா வளர்ப்புக் கொற."

மூன்று குறைகள் எழுதப்பட்டன. மூன்று வரை மன்றம் மன்னிக்கும். நான்காவதுதான் ஆபத்து. இளஞ்செழியன் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"மேடையில மாமன் மால யாரு போடுறது?"

"தனபாலன் மாமா. அம்மாவோட தம்பி."

"அவரு மனைவி பேரு?"

"மனைவி இல்ல."

"தவறிட்டாங்களா?"

"வரவே இல்ல."

"ஏன்?"

சிவநேசன் யோசித்துப் பார்த்தான். அவனுக்கு இருபத்தெட்டு வயது. இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்டு அவன் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்றுகூட யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது எப்படியோ பாலோடு சேர்ந்து உள்ளே போயிருந்தது.

"மாமா தனியா இல்ல சார். ஆ செங் அங்கிளும் இருக்காரு. கூட்டாளி. ஆயர் ஈத்தாம் பாசார் பக்கத்துல ரெண்டு பேரும் சேந்து வளர்ப்பு மீன் கட வச்சிருக்காங்க. மேல வீடு."

"எத்தன வருஷமா கூட்டாளி?"

"இருபத்தாறு."

இளஞ்செழியன் அந்த எண்ணை எழுதி அடிக்கோடு போட்டார்.

"வாடகைய பாதிப் பாதி போட்டுக்குறாங்களாக்கும்," என்றார் டத்தோ.

"சொந்த வீடு டத்தோ. ரெண்டு பேரு பேருலயும்."

"சிக்கனம். பாராட்ட வேண்டிய விஷயம்." டத்தோ இளஞ்செழியனைப் பார்த்தார். இளஞ்செழியன் கோப்பைப் பார்த்தார். "தம்பி, இதெல்லாம் எல்லாக் குடும்பத்துலயும் இருக்கிறதுதான். எங்க குடும்பத்துல ஒரு சித்தப்பா இருந்தாரு. அவரப்பத்தி நாங்க பேசமாட்டோம். அதுதான் பண்பாடுங்கிறது."

"இப்ப எங்க இருக்காரு டத்தோ?"

"யாருக்குத் தெரியும்? பேசலையே."

அதைச் சொல்லிவிட்டு டத்தோ கொஞ்ச நேரம் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விதி பதினொன்றை வாசிக்கச் சொன்னார். தாய்மாமன் தனியே மேடையேறுவது இளைஞர்களுக்குத் தவறான வழிகாட்டும். அத்தை உடன் நின்று தட்டு ஏந்த வேண்டும். அத்தை இல்லாத மாமன் கீழே, மூன்றாவது வரிசைக்குப் பின்னால் அமரலாம். அவருக்குப் பதிலாக மன்றமே மனைவியோடு உள்ள ஒரு மாமனை ஏற்பாடு செய்து தரும்.

"என் மாமா போடலன்னா நான் மேடை ஏறமாட்டேன்," என்றான் சிவநேசன். "அம்மா விடியக்காலைல பஸ் எடுத்துட்டு போயிருவாங்க. அப்பா மெஷின்ல உக்காந்துருவாரு. என்ன பள்ளிக்கூடத்துக்கு கூட்டிட்டு போனது தனபாலன் மாமா. சைக்கிள் கத்துக் குடுத்தது ஆ செங் அங்கிள். வேற ஒரு மாமா எனக்கு எதுக்கு?"

மன்றம் கல்நெஞ்சம் கொண்டதல்ல. மாமனை மாற்ற மனமில்லாதவர்களுக்காக இன்னொரு திட்டமும் வைத்திருந்தது. அங்கீகரிக்கப்பட்ட அத்தைகள் குழு. மொத்தம் ஏழு பேர். எல்லோரும் நல்வளர்ப்புச் சான்றிதழ் பெற்றவர்கள். தேவைப்படும் மாமனோடு ஒரு காலைப்பொழுது மனைவியாக நின்று, தட்டு ஏந்தி, புகைப்படத்தில் சிரித்துவிட்டு, சாப்பிட்டுப் போய்விடுவார்கள்.

"பொய் சொல்லக்கூடாதுன்னுதான் சார் எங்க வீட்ல வளத்தாங்க," என்றான் சிவநேசன் தயங்கியபடி.

"இது பொய் இல்ல," என்றார் இளஞ்செழியன். "எங்ககிட்ட பதிவேடு இருக்கு."

அன்று மாலை மீன் கடையில் சங்கதியைச் சொன்னபோது தனபாலன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். குழாயை மூடாமலே கேட்டார்.

"நான் கீழ உக்காந்துக்குறேன் தம்பி. மூணாவது வரிசைக்குப் பின்னாலன்னா ஃபேன் பக்கமாத்தான் இருக்கும். நல்லாத்தான் இருக்கும்."

"மாமா!"

"ஒன் கல்யாணம்லா. என்னால எதுக்கு கரச்சல்?"

சிவநேசனின் அம்மா ருக்குமணி சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். "நாப்பது பேர ஏத்திக்கிட்டு பாலத்துல மழைல ஓட்டுறவ நான். அந்த மண்டபத்த ஒரு நாள் பஸ்ஸால இடிக்கப் போறேன் பாரு," என்றாள் தம்பியிடம். "நீதான்டா மால போடுற. கத முடிஞ்சுச்சு."

ஆ செங் மேலேயிருந்து கோப்பி கலக்கிக்கொண்டு வந்தார். தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப் பிள்ளைகளோடு உருண்டு வளர்ந்தவர். அவருடைய தமிழ் டத்தோவின் தமிழைவிடச் சுத்தமாக இருக்கும். எழுத மட்டும் வராது.

"அத்தைய அனுப்பச் சொல்லு," என்றார். "ஒரு நாள்தான? சைவமா அசைவமா, கேட்டு வையி. நான் சமைக்கிறேன்."

அத்தை மீன் கடைக்கே வந்தார். பூங்காவனம் அக்கா, பாசாருக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அந்த வருடத்தில் பதினான்கு கல்யாணங்களில் பதினான்கு பேருக்கு மனைவியாக நின்று களைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன் மாமனும் அத்தையும் மூன்று முறை சந்தித்துப் பழக வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் தெரிந்துவிடும் என்பது மன்றத்தின் ஏற்பாடு. இளஞ்செழியன் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தார்.

"ஐயா, அம்மாவப் பாத்து நிக்காதீங்க. அது புதுசாக் கட்டுனவங்க நிக்கிறது. கொஞ்சம் சலிச்ச மாதிரி, வேற பக்கம் பாத்து நில்லுங்க. ஆங், அதான் தாம்பத்தியம்."

தனபாலன் வேறு பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் ஆ செங் நின்றிருந்தார்.

"இவருக்கு பாலு ஒத்துக்காது அக்கா," என்று ஆ செங் பூங்காவனத்திடம் விவரம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். "பால் இல்லாத கோப்பி ஓதான். கூட்டத்துல நின்னா மொழங்கால் வலிக்கும், வலிக்குதுன்னு சொல்லமாட்டாரு. மூக்க சொறிவாரு. சொறிஞ்சா ஒக்கார வச்சிருங்க. பிரஷர் மாத்திர சட்ட பையில இருக்கும், காலைல மறந்துருவாரு. மால போடுறப்ப அழுவாரு. கைக்குட்ட நீங்க வச்சுக்குங்க, அவரு கொண்டுவரமாட்டாரு."

பூங்காவனம் எழுதிக்கொண்டே வந்தார். நான்காவது வரியில் பேனா நின்றது. ஆ செங்கைப் பார்த்தார். தனபாலனைப் பார்த்தார். மேலே போகும் படிக்கட்டின் கீழே ஒட்டிக் கிடந்த இரண்டு ஜோடிச் செருப்பைப் பார்த்தார்.

"அப்ப என்ன எதுக்கு கூப்பிட்டீங்க?" என்று இளஞ்செழியனிடம் கேட்டார்.

"விதி பதினொன்னும்மா."

"அதத்தான் கேக்குறேன்."

இளஞ்செழியன் அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை. பூங்காவனம் அக்கா ஆ செங் வறுத்த மீனில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, போகும்போது அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று காலை அறுபது இடமும் நிறைந்து, அறுபத்தொன்றாவதாக ருக்குமணியின் பஸ் வாசலை மறித்து நின்றது. பத்து காவானிலிருந்து பெண் வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா சின்னையா ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தைத்த ஜாக்கெட்டில் சாந்தினி மணமகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா எங்க?" என்று சைகையால் கேட்டாள். மாமா மேடைப் படியில் மாலையோடு தயாராக நின்றார். அத்தையைத்தான் காணவில்லை.

எட்டரைக்கு இளஞ்செழியனின் போனில் ஒரு குரல் பதிவு வந்தது. அவசரத்தில் ஒலியைக் குறைக்காமல் திறந்துவிட்டார்.

"தம்பி, நான் பூங்காவனம். பாலத்துல பயங்கர ஜேம். வண்டி நகரவே இல்ல. நான் வரமுடியாது போலருக்கு. நீங்க பாத்து செஞ்சுக்குங்க."

ஆயர் ஈத்தாமிலிருந்து மண்டபத்துக்கு வரப் பாலத்தைத் தாண்ட வேண்டியதில்லை. பதற்றத்தில் இளஞ்செழியனுக்கு அது தோன்றவில்லை. மற்ற ஆறு அத்தைகளும், மன்றத்தைப் பார்த்து இதே விதியைப் போட்ட வேறு ஆறு மண்டபங்களில் மனைவியாக நின்றுகொண்டிருந்தார்கள். அன்று நல்ல முகூர்த்தம்.

"அத்தை இல்லாம மேடை இல்ல," என்றார் இளஞ்செழியன். வேர்வை மீசைவழியே இறங்கியது. "ஐயா கீழ போய் உக்காருங்க."

தனபாலன் மாலையைத் தட்டில் திருப்பி வைத்தார். தட்டைப் பிடித்திருந்தது ஆ செங். பிடிக்க வேறு ஆள் இல்லாததால் அவர் கையில் கொடுத்திருந்தார்கள். தனபாலன் ஒரு படி இறங்கினார். மேடைமேல் மணையில் உட்கார்ந்திருந்த சிவநேசன் எழுந்தான். எழுந்து, அவனும் ஒரு படி இறங்கினான்.

"எங்க போறீங்க தம்பி?"

"சாப்பாட்டுக் கூடத்துக்கு."

"எதுக்கு?"

"தாலி கட்ட."

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். நாதஸ்வரக்காரர் மட்டும் எதுவும் தெரியாமல் ஊதிக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் பக்கம் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. சாந்தினி அறையிலிருந்து வெளியே வந்து, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் திரும்பி நின்றாள். கூட்டத்தில் பாதி எழுந்துவிட்டது. அவர்கள் எழுந்தது பந்திக்கு இடம் பிடிக்க. ஆனால் மேடையிலிருந்து பார்க்கப் புரட்சிபோல் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் டத்தோ வாழ்த்துரைக்கு ஒலிவாங்கியைப் பிடித்தார். "அத்தை வந்தாச்சா?" மண்டபம் முழுக்கக் கேட்டது.

இளஞ்செழியன் கோப்பைத் திறந்தார். இருநூற்றுப் பதினான்கு கல்யாணம். இருநூற்றுப் பதினான்கு பேருக்கு நேராக 'அத்தை ஆஜர்'. ஒரு கட்டம்கூட விட்டுப்போனதில்லை. இருநூற்றுப் பதினைந்தாவது கட்டத்தைப் பார்த்தார். தட்டோடு நின்றவரைப் பார்த்தார். மனித வாழ்க்கையில் சில தருணங்களில் ஒருவன் மனசாட்சியின் பேச்சைக் கேட்பான். இளஞ்செழியன் கேட்டது பதிவேட்டின் பேச்சை. கட்டத்தில் சரி போட்டார்.

"வந்தாச்சு டத்தோ."

டத்தோ திரும்பினார். வெள்ளை வேட்டி, பூப்போட்ட பாத்தேக் சட்டை, வழுக்கைத் தலையில் யாரோ தெளித்த பன்னீர், கையில் தட்டு. ஆ செங் மரியாதையாகத் தலை குனிந்தார்.

டத்தோவின் வாய் திறந்தது. திறந்த வாயைப் பார்த்து மண்டபம் அமைதியானது. அவருக்குமுன் இரண்டு வழிகள் இருந்தன. இது அத்தை இல்லை என்று சொல்லலாம். சொன்னால், நேர்முகம், நேரில் பார்வை, மூன்று ஒத்திகை, முத்திரை எல்லாம் தாண்டி மன்றம் தவறு செய்திருக்கிறது என்றாகும். மன்றம் தவறு செய்ததாக வரலாறு இல்லை.

"பெரியோர்களே," என்றார் டத்தோ. "அத்தை என்றால் என்ன? அத்தை என்பது ஒரு... ஒரு பொறுப்பு. நம் முன்னோர்கள் அத்தை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் வரையறுத்ததாக எனக்குத் தெரியவில்லை. செயலாளர் பார்த்திருப்பார். மன்றம் பரிசீலித்துத்தான் அனுப்பியிருக்கிறது. மன்றம் அனுப்பினால் அத்தைதான். கைதட்டுங்கள்."

கைதட்டினார்கள். ருக்குமணி விசிலடித்தாள். பஸ் ஓட்டுபவர்கள் அடிக்கும் விசில்.

இரண்டு பேரும் மேடையேறினார்கள். ஆ செங் தட்டை நீட்ட, தனபாலன் மாலையை எடுத்து மருமகன் கழுத்தில் போட்டார். போட்டதும் அழுதார். ஆ செங் தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு கைக்குட்டையைக் கொடுத்தார். புகைப்படக்காரர், "அத்தை கொஞ்சம் மாமா பக்கம் ஒட்டி நில்லுங்க," என்றார். ஒட்டி நின்றார். இத்தனை வருடத்தில் நடந்த எந்தக் குடும்பக் கல்யாணத்திலும் அவர்கள் இருவரும் ஒரே படத்தில் பக்கத்தில் நின்றதில்லை. எப்போதும் நடுவில் யாராவது ஒரு பிள்ளையைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள்.

படம் எடுத்து முடித்ததும் டத்தோ மெதுவாக ஆ செங் பக்கம் வந்தார். ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, "எங்க சித்தப்பாவும் ஒரு கூட்டாளியோட ஆயர் ஈத்தாம் பக்கந்தான் போனாருன்னு சின்ன வயசுல..." என்று ஆரம்பித்தார். பிறகு செயலாளர் வருவதைப் பார்த்து, "சாப்பாடு நல்லாருக்கா?" என்று முடித்தார்.

"இனிமேதான் டத்தோ," என்றார் ஆ செங்.

மூன்று வாரம் கழித்து மீன் கடைக்கு மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதிவேட்டின்படி ஒருமுறை ஆஜரானவர் குழுவில் சேர்க்கப்பட்டே ஆகவேண்டும். ஆகவே திருமதி ஆ செங் அவர்களை எட்டாவது அங்கீகரிக்கப்பட்ட அத்தையாக நியமிப்பதில் மன்றம் பெருமை கொள்கிறது. இணைப்பில் உள்ள விவரப் படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பவும்.

"நான் அத்தையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல," என்றார் ஆ செங். "பந்தியில மொத வரிசைல எடம் குடுப்பாங்களா, அத கேளு."

"குடுப்பாங்கன்னு போட்டுருக்கு."

"அப்ப எழுது."

தனபாலன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்து எழுதினார். பெயர். முகவரி. பிறந்த ஊர். நான்காவது கட்டத்தில் வந்து நின்றுவிட்டார்.

"என்னா?"

"கணவர் பேரு கேக்குறான்."

ஆ செங் வலையைக் கழுவுவதை நிறுத்தவில்லை. "ஒனக்குத் தெரியாதா?"

தனபாலன் கடை வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. இருந்திருந்தாலும் என்ன என்று தோன்றியிருக்க வேண்டும். தன் முழுப் பெயரை, அப்பாவின் முதலெழுத்தோடு, கட்டத்துக்குள் அடங்கும்படி நிதானமாக எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"அடுத்தது, சேர்ந்து வாழும் ஆண்டுகள். இருபத்தாறு," என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"இருபத்தேழு."

"இருபத்தாறுலா. கட தொறந்ததுலேருந்து."

"கடைக்கு முன்னாடி ஒரு வருஷம். ஒங்கக்காவுக்குக்கூட சொல்லாதன்னு சொன்ன இல்ல, அந்த வருஷம். அதயும் சேத்து எழுது."

தனபாலன் இருபத்தாறை அடிக்கப் போனார். அடித்தல் திருத்தல் உள்ள படிவம் ஏற்கப்படாது என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தது. உறைக்குள் கைவிட்டுப் பார்த்தார். மன்றம் முன்யோசனை உள்ளது. கூடுதலாக ஒரு படிவம் வைத்திருந்தார்கள். அதை எடுத்துக் கல்லாமேல் விரித்து, முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்.